ஆகஸ்ட் மாசத்து ஆருடக்காரா, கேளு!

வா பேராண்டி, உட்காரு. ஃப்ரிட்ஜ் கதவுல நீ ஒட்டி வச்சிருக்கிற தாளை ஆற அமரப் படிச்சேன். உன் ஃபுட்பால் டீம் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ்: 17 ஆட்டம், 12 ஜெயம், 5 தோல்வி. கீழ சிவப்பு மையில 'சூப்பர் பவுல் நமக்கே'ன்னு எழுதி ரெண்டு கோடு வேற இழுத்திருக்க. ஊர்க் கண்ணு பட்டுடக் கூடாதேன்னு உங்க அம்மாவை உப்பு மிளகா சுத்திப் போடச் சொல்லியிருக்கேன்.

கோவிச்சுக்காதே. ஆருடம் சொல்றது தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆகஸ்ட் மாசத்துல இந்த நாட்டுல அதைச் சொல்லாதவன் யாரு? 32 டீமுக்கும் ரசிகன் இருக்கான், எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒரு தாள் இருக்கு. இன்னும் எவனும் ஒரு ஆட்டம்கூடத் தோக்கலை. இந்த அமெரிக்க ஃபுட்பால்காரங்க எல்லாரும் ஒண்ணா சந்தோஷமா இருக்கிற மாசம் வருஷத்துல அது ஒண்ணுதான். அதைக் கெடுக்க நான் யாரு?

ஆனா ஆருடத்துக்கும் ஒரு முறை இருக்குய்யா. கைரேகை பாக்கிறவன்கூட வாயைத் திறக்கிறதுக்கு முன்னால கையை ஒரு தடவை பாக்கிறான். நீ எதையும் பாக்காம எழுதிட்ட. எழுதினதுதான் எழுதின, அடுத்த தாளையாவது கொஞ்சம் நல்லா எழுதணும் இல்லையா? அதுக்கு என்னால ஆன புத்தி சொல்றேன். பிடிச்சா எடுத்துக்கோ. பிடிக்கலைன்னா கிழவன் உளர்றான்னு உன் பிரவுன்ஸ் ரசிகர் நாய் முகமூடியை மாட்டிக்கிட்டு மைதானத்துக்குப் போ.

முதல் புத்தி, கூட்டல் பெருக்கல். மொத்தம் 32 டீம், ஆளுக்கு 17 ஆட்டம். பெருக்கினா 544. ஒரு ஆட்டம் நடக்க ரெண்டு டீம் வேணும்ங்கிறதால அதைப் பாதியாக்கு. 272. 2021-ல ஆட்டத்தை 16-ல இருந்து 17 ஆக்கினதுல இருந்து இதுதான் கணக்கு. ஒரு சீசனுக்கு லீக் மொத்தத்துக்கும் உள்ள ஜெயம் 272. அதுக்கு மேல ஒண்ணு வேணும்னு ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டுக் கேட்டாலும் கிடைக்காது. நடுவுல ரெண்டொரு ஆட்டம் சமமாப் போச்சுன்னா அதுலயும் குறையும்.

நீ அதுல 12 எடுத்துக்கிட்ட. சரி. உன் ஆபீஸ்ல இருக்கிற டெட்ராய்ட் பையனும் 12 எழுதியிருப்பான். பிட்ஸ்பர்க்காரன் 12. டல்லாஸ்காரனைக் கேக்கவே வேண்டாம். அவங்க கடைசியா சூப்பர் பவுல் கோப்பை ஜெயிச்சது 1996 ஜனவரியில. அதுல இருந்து வருஷா வருஷம் 'இது நம்ம வருஷம்'னுதான் சொல்லிக்கிட்டுத் திரியிறான். இப்படி 32 பேரும் ஆளுக்கு 12 எழுதினா 384. கையில இருக்கிறது 272. பாக்கி 112 ஜெயத்தை எங்க போய் வாங்குவீங்க? கனடாவுல இருந்து லாரியில இறக்குவீங்களா?

சராசரி ஒரு டீமுக்கு எட்டரை. நீ கூடுதலா எடுத்துக்கிட்ட மூணரைக்கு எவனோ மூணரை தோத்தாகணும். உன் தாள்ல தோக்கிறவங்க பேரெல்லாம் வரிசையா இருக்கு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவனும் ஒரு தாள் வச்சிருக்கான். பால்டிமோர்க்காரன் தாள்ல பிரவுன்ஸுக்கு நேரா ரெண்டு ஜெயம்னு போட்டு எப்பவோ மை காஞ்சு போயிருக்கும்.

ரெண்டாவது புத்தி, பயிற்சி ஆட்டத்தை நம்பாதே. சீசனுக்கு முன்னால ஆகஸ்ட்ல ஆளுக்கு மூணு ஆட்டம் வைக்கிறாங்க. அதுல பெரிய ஆளுக பாதிப் பேர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஓரமா நின்னு தண்ணி குடிக்கிறான். உள்ள இறங்கி முட்டிக்கிறவன் யாரு? செப்டம்பர்ல தனக்கு வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாத பயலுக. டீமுக்கு 90 பேர் வந்து நிக்கிறான், 53 பேருக்குத்தான் இடம். இடம் பிடிக்க அவனுக உயிரைக் கொடுத்து ஆடுறதைப் பார்த்துட்டு நீ டீமோட தலையெழுத்தை எழுதுற. பொண்ணு பாக்கப் போன வீட்டுல கொடுத்த கேசரியைத் தின்னுட்டு, இனி ஆயுசுக்கும் தினமும் முந்திரிப்பருப்பு போட்ட கேசரிதான்னு நம்பினவன் கதை இது. கல்யாணத்துக்கு அப்புறம் தட்டுல என்ன விழும்னு உங்க அப்பனைக் கேளு, சொல்லுவான்.

சும்மா சொல்லலை. 2008-ல டெட்ராய்ட் லயன்ஸ் பயிற்சி ஆட்டம் நாலையும் ஜெயிச்சுது. அப்பல்லாம் நாலு. ஊர்ல ஒரே கொண்டாட்டம். நிஜமான சீசன்ல 16 ஆட்டம், பதினாறும் தோல்வி. 16 ஆட்ட சீசன்ல அப்படி ஒரு திருப்பணியைச் செஞ்ச முதல் டீம் அது. இனி எவனாலயும் இதைத் தொட முடியாதுன்னு நினைச்சாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு டீம் வந்து தொட்டுச்சு. அதுவும் பயிற்சி ஆட்டம் நாலையும் ஜெயிச்சிட்டு, பதினாறையும் தோத்துச்சு. எந்த டீம்னு நான் சொல்லணுமா, இல்லை உன் பனியன்ல எழுதியிருக்கிறதை நீயே வாசிக்கிறியா?

சரி, 2017 பழைய கதைன்னு சொல்லுவ. 2025-க்கு வா. கரோலினாவை 30-10. அப்போ நடப்புச் சாம்பியனா இருந்த பிலடெல்பியாவை 22-13. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸை 19-17. மூணுக்கு மூணு. ஷெடியூர் சாண்டர்ஸ் முதல் பயிற்சி ஆட்டத்துலயே ரெண்டு டச் டவுன் எறிஞ்சப்போ நீ கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் எழுந்து குலைச்சுது. சீசன் முடிவுல கணக்கு 5-12, அஞ்சு ஜெயம், பன்னிரண்டு தோல்வி. நாய்க்கு மட்டும் அன்னைக்கே விஷயம் தெரிஞ்சிருக்கு.

பயிற்சி ஆட்டத்துல மகா சூரன் யாருன்னு தெரியுமில்லையா? பால்டிமோர் ரேவன்ஸ். 2016-ல ஆரம்பிச்சு 2023 வரைக்கும் தொடர்ந்து 24 பயிற்சி ஆட்டம் ஜெயிச்சாங்க. கடைசியில வாஷிங்டன் டீம் 29-28ன்னு ஒரே ஒரு புள்ளியில முடிச்சு வச்சுது. அந்த 24 ஜெயத்தையும் மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டுப் போனாங்களே, அந்த வருஷங்கள்ல ஒரு தடவையாவது சூப்பர் பவுல் வாசல்ல விட்டானா? இல்லை.

மூணாவது புத்தி. உன் தாள்ல முழங்கால் இல்லை. தோள்பட்டை இல்லை, தொடைச் சதை இல்லை, குதிகால் நரம்பு இல்லை. செப்டம்பர்ல இறங்கின ஆளெல்லாம் ஜனவரி வரைக்கும் ஒரு சுளுக்குகூட இல்லாம நிப்பான்னு நினைச்சு எழுதியிருக்க. 130 கிலோ, 140 கிலோ ஆளுக தலையால முட்டிக்கிற ஆட்டம்யா இது. கோலம் போடுற போட்டி இல்லை.

2023 ஆகஸ்ட்ல நியூயார்க் ஜெட்ஸ்காரங்க பண்ணின அலப்பறை ஞாபகம் இருக்கா? நாலு தடவை லீக்கோட சிறந்த வீரர் விருது வாங்கின ஏரன் ராட்ஜர்ஸ் கிரீன் பேயில இருந்து வந்து சேர்ந்தாரு. கோப்பைக்கு அலமாரியே செஞ்சு வச்ச மாதிரி பேச்சு. செப்டம்பர் 11, முதல் ஆட்டம். மனுஷன் கையில தேசியக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ள ஓடி வந்தாரு. பந்து கைக்கு வந்த நாலாவது தடவை குதிகால் நரம்பு அறுந்துச்சு. நாலே தடவை! ஜெட்ஸ் அந்த வருஷம் 7-10. ஆகஸ்ட்ல எழுதின தாளெல்லாம் எந்தக் குப்பைக்குப் போச்சோ.

இதோட மறுபக்கத்தையும் கேளு. 1999 ஆகஸ்ட்ல செயின்ட் லூயிஸ் ராம்ஸோட குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீன் பயிற்சி ஆட்டத்துலயே முழங்காலைப் பறி கொடுத்தாரு. முந்தின வருஷம் அந்த டீம் 4-12. பந்து எறியிறவனும் போயிட்டான்னு ஊரே தலையில கையை வச்சுது. பதிலுக்கு இறங்கினவர் கர்ட் வார்னர். சில வருஷம் முன்னாலதான் அயோவாவுல ஒரு பலசரக்குக் கடையில ராத்திரி வேலையா சாமான் அடுக்கிக்கிட்டிருந்த ஆளு. அந்த சீசன் 13-3. அவருக்கு லீக்கோட சிறந்த வீரர் விருது, டீமுக்கு சூப்பர் பவுல். ஆகஸ்ட்ல எந்தத் தாள்ல இது இருந்துச்சு?

அடுத்தவன் கதை எதுக்கு, நம்ம வீட்டுக்கே வருவோம். 2022-ல உங்க பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனைக் கொண்டு வர, புது வீரர்களை எடுக்கிற டிராஃப்ட்ல மூணு வருஷத்து முதல் சுற்று உரிமையை ஹூஸ்டனுக்குக் கொடுத்தாங்க. அவருக்கு அஞ்சு வருஷத்துக்கு 23 கோடி டாலர், ஆடினாலும் ஆடாட்டியும் ஒரு சென்ட் குறையாதுன்னு பத்திரம். முதல் வருஷம் லீக் போட்ட 11 ஆட்டத் தடை. அடுத்த வருஷம் தோள்பட்டை. அதுக்கடுத்த வருஷம் குதிகால். மூணு சீசன்ல ஆடினது 19 ஆட்டம்.

2023-ல அந்தக் குவார்ட்டர்பேக் இடம் ஒண்ணுக்கு அஞ்சு பேர் மாறி மாறி இறங்கினாங்க. நாலாவதா வந்தவர், நவம்பர் வரைக்கும் எந்த டீமும் கூப்பிடாம வீட்டுல உட்கார்ந்திருந்த 38 வயசு ஜோ ஃப்ளாக்கோ. அவர்தான் உங்களைப் பிளே-ஆஃபுக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. அவர் யாரு? 2012 சீசன்ல பால்டிமோருக்குச் சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தவர். எத்தனை வருஷம் அவரை நீங்க ஏசியிருப்பீங்க! அந்தப் பிளே-ஆஃப்ல யார்கிட்ட தோத்தீங்க? டிராஃப்ட் உரிமையை வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போன அதே ஹூஸ்டன்கிட்ட, 45-14. ஆண்டவன் நையாண்டி எழுத உட்கார்ந்தா நாமெல்லாம் பக்கத்துல நிக்க முடியாதுய்யா.

நாலாவது புத்தி, பேரைப் பாத்து மயங்காதே. 2011-ல பிலடெல்பியா பெரிய பெரிய ஆளுகளா வாங்கிக் குவிச்சுது. இது கனவு டீம்னு அவங்க மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்கே ஆகஸ்ட்டுக்கு முன்னால வாய் விட்டாரு. முடிவு 8-8. 2019-ல ஓடெல் பெக்கம் கிளீவ்லாண்டுக்கு வந்தப்போ இந்த வீட்டுல நடந்த கூத்தை உங்க அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. முதல் ஆட்டம், சொந்த மைதானம். டென்னஸி வந்து 43-13ன்னு வச்சு அனுப்பிச்சுது. சீசன் 6-10. கோச்சுக்கும் சீட்டைக் கிழிச்சாங்க.

அதுக்கு அடுத்த வருஷம் 2020. கொரோனா. பயிற்சி ஆட்டம் ஒண்ணுகூட நடக்கலை. மைதானத்துல வழக்கமான கூட்டம் இல்லை. புதுசா வந்த கோச் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி வீரர்களைக் கம்ப்யூட்டர் திரையிலதான் முதல்ல பாத்தாரு. கணக்கு 11-5! 2002-க்கு அப்புறம் முதல் பிளே-ஆஃப். பிட்ஸ்பர்க்குக்கே போய் 48-37ன்னு அடிச்சாங்க. அன்னைக்குக் கோச் மைதானத்துல இல்லை. கொரோனா வந்து வீட்டு நிலவறையில உட்கார்ந்து டிவியில பாத்துக்கிட்டிருந்தாரு. பயிற்சி ஆட்டம் இல்லாம, ஆர்ப்பாட்டம் இல்லாம, கோச்சே இல்லாம ஜெயிச்சிருக்காங்க. இதுல நீ ஆகஸ்ட்ல எதைப் பாத்து ஆருடம் சொல்ற?

பெரிய ஆளு இருந்தா போதும்னு நினைக்காதேங்கிறதுக்கு மைல்ஸ் காரெட் ஒருத்தர் போதாதா? 2025-ல எதிராளியோட குவார்ட்டர்பேக்கை 23 தடவை பந்தோட சாய்ச்சாரு. ஒரு சீசன்ல அதுவரைக்கும் இருந்த சாதனை இருபத்திரண்டரை. அதை உடைச்சவர் உங்க டீம்ல இருந்தாரு, கணக்கு என்னமோ 5-12தான். ஒரு மனுஷன் எத்தனை பேரைத்தான் சாய்ப்பான்?

அஞ்சாவது புத்தி, அட்டவணையை வாசிக்கத் தெரிஞ்சுக்கோ. முதல் ஆட்டத்துக்கு நேரா கண்ணை மூடிக்கிட்டு ஜெயம்னு போட்டிருக்க. பிரவுன்ஸ் சீசனோட முதல் ஆட்டத்தை 2004-ல ஜெயிச்சாங்க. அடுத்து ஜெயிச்சது 2022-ல. நடுவுல 17 வருஷம் முதல் ஆட்டத்துக்கு ஜெயமே கிடையாது. அதுல 2018-ல மட்டும் பிட்ஸ்பர்க்கோட 21-21ன்னு சமமாப் போச்சு. அன்னைக்கு இந்த ஊர்க்காரங்க நடந்துக்கிட்டதைப் பாத்தா ஜெயிச்சவங்க மாதிரிதான் இருந்துச்சு.

அப்புறம் பிட்ஸ்பர்க்குக்குப் போய் ஆடுற ஆட்டத்துக்கும் ஜெயம் போட்டிருக்கியே, உன் துணிச்சலை மெச்சுறேன். 2003-ல ஒரு தடவை அந்த மண்ணுல ஜெயிச்சாங்க. அதுல இருந்து 2025 வரைக்கும் வழக்கமான சீசன் ஆட்டத்துல அங்க ஒரு ஜெயம்கூட இல்லை. நான் சொன்ன அந்தக் கொரோனா வருஷத்துப் பிளே-ஆஃப் ஒண்ணுதான் விதிவிலக்கு. மைக் டாம்லின் அங்க கோச்சா இருந்த காலம் முழுக்க ஒரு சீசன்கூடத் தோல்வி கூடுதலா முடியலை. நீ பேனாவால அடிச்சா அந்த டீம் சாஞ்சிடுமா?

எனக்கு ஒண்ணு தெரியும். நாமெல்லாம் குடும்பத்தோட பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போனப்போ நீ சந்நிதியில கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்ன. படிப்பு, கல்யாணம், விசான்னு எல்லாரும் எதையோ வேண்டிக்கிட்டிருக்கான். நீ மட்டும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தோக்கணும்னு வேண்டியிருக்க. கொஞ்சமாவது யோசிச்சியா? 1970-கள்ல இருந்து பென் ஹில்ஸ் மேட்டுல குடியிருக்கிறவர் அந்தப் பெருமாள். அந்த ஊர்க்காரர். அவர் வாசல்லயே நின்னு அவர் ஊர் டீம் நாசமாப் போகணும்னு கேட்டா என்ன செய்வாரு? லட்டு கொடுத்து அனுப்பினதே பெரிய மனசு.

ஆறாவது புத்தி, போன வருஷத்தைப் பாத்து இந்த வருஷத்தை எழுதாதே. இந்த லீக்கை நடத்துறவங்க கெட்டிக்காரங்க. ஜெயிச்சவனே ஜெயிச்சுக்கிட்டிருந்தா மத்த ஊர்க்காரன் டிவியை அணைச்சிடுவான்னு அவங்களுக்குத் தெரியும். அதனால டிராஃப்ட்ல தோத்தவனுக்கு முதல் வரிசை, கோப்பை வாங்கினவனுக்குக் கடைசி வரிசை. சம்பளத்துக்கு எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு. 2025-ல அது 27.92 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரனா இருந்தாலும் அதுக்குள்ளதான் கணக்கை முடிக்கணும். அட்டவணையிலயும் சில ஆட்டம், போன வருஷம் முதலிடம் வந்தவனுக்கு முதலிடம் வந்தவன், கடைசி வந்தவனுக்குக் கடைசி வந்தவன்னு கோத்து விடுறாங்க.

பலன் என்ன தெரியுமா? 1990-ல இருந்து ஒவ்வொரு வருஷமும், முந்தின வருஷம் பிளே-ஆஃப் போகாத டீம் குறைஞ்சது நாலாவது புதுசா உள்ள வந்திருக்கு. வாஷிங்டன் 2023-ல 4-13. அடுத்த வருஷம் ஜேடன் டேனியல்ஸ்னு ஒரு புதுப் பையன் வந்தான், 12-5. அந்தப் பிளே-ஆஃப்ல அவங்க யாரை வீட்டுக்கு அனுப்பினாங்க? 15-2ன்னு மார்தட்டிக்கிட்டு நின்ன டெட்ராய்ட்டை, அதுவும் டெட்ராய்ட்லயே, 45-31.

ஜெயக் கணக்குலயும் பொய் இருக்கும்யா. 2022-ல மினசோட்டா வைக்கிங்ஸ் 13-4. பாத்தவன் எல்லாம் அடேயப்பான்னான். உள்ள பிரிச்சுப் பாரு. எட்டுப் புள்ளிக்குள்ள முடிஞ்ச நெருக்கமான ஆட்டம் பதினொண்ணு, அந்தப் பதினொண்ணுலயும் ஜெயம். சீசன் முழுக்க அவங்க எடுத்த புள்ளியைவிட எதிராளிக்குக் கொடுத்தது மூணு கூடுதல். கடன்ல ஓடின வண்டி அது. பிளே-ஆஃப்ல முதல் ஆட்டமே சொந்த மைதானத்துல தோல்வி. அடுத்த வருஷம் 7-10. அதிர்ஷ்டம் ஒரு வருஷம் வீட்டுக்கு வந்தா அடுத்த வருஷம் வாடகை கேக்கும்.

ஏழாவது புத்தியைச் சிரிக்காம கேளு, இதுல நையாண்டி கிடையாது. உன் போன்ல பந்தயம் கட்டுற செயலி இருக்கிறதைப் பாத்தேன். 2018 மே மாசம் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்து விட்டுது. ஒஹாயோவுல 2023 ஜனவரி 1-ல இருந்து சட்டப்படியே கட்டலாம். சட்டம் சரின்னு சொல்லிடுச்சு, உன் பர்ஸ் என்ன சொல்லுது? வழக்கமான பந்தயத்துல 110 டாலர் கட்டினா லாபம் 100தான். பாதிக்குப் பாதி சரியாச் சொன்னாலும் கை நஷ்டம். நூத்துக்கு 52-க்கு மேல சரியாச் சொல்றவனுக்குத்தான் முதலாவது தேறும். அதை வருஷம் முழுக்கச் செய்ய முடியிறவன் ஃப்ரிட்ஜ்ல தாள் ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டான். அந்தக் கம்பெனிக்காரன் 'பிரவுன்ஸுக்கு இத்தனை ஜெயத்துக்கு மேலயா, கீழயா'ன்னு ஒரு எண்ணு போடுறானே, அதைப் போடுறவனுக்கு எந்த டீம் மேலயும் பாசம் கிடையாது. பாசம் இருக்கிறவன் பாசம் இல்லாதவன்கிட்ட சூதாடக் கூடாதுய்யா. அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லிட்டு, உன்னைப் பாத்து எனக்கு ஒரு மதிப்பும் உண்டுங்கிறதைச் சொல்லாம விட்டா பாவம். இந்த ஊர் பட்டது கொஞ்சமா? 1964-ல பால்டிமோர் கோல்ட்ஸை 27-0ன்னு அடிச்சு வாங்கின சாம்பியன் பட்டம்தான் கடைசி. 1995-ல முதலாளி ஆர்ட் மோடெல் டீமையே பால்டிமோருக்குக் கொண்டு போறேன்னு அறிவிச்சாரு. ஊர்க்காரங்க போராடி டீமோட பேரையும் நிறத்தையும் வரலாற்றையும் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. ஆளுக போயிட்டாங்க, ஆரஞ்சு நிறம் மட்டும் மிச்சம். மூணு வருஷம் டீம் இல்லாம இருந்து, 1999-ல புதுசா ஆரம்பிச்சாங்க. போனவங்க ரேவன்ஸ்னு பேரை மாத்திக்கிட்டு ரெண்டு சூப்பர் பவுல் வாங்கிட்டாங்க. நீங்க இன்னும் சூப்பர் பவுல் மைதானத்தையே மிதிக்கலை. மத்த 31 டீமும் தலைக்கவசத்துல ஏதாவது சின்னம் வச்சிருக்கு, உங்களுக்கு வெறும் ஆரஞ்சு மண்டை. அப்படியும் மைதானம் நிறையுது.

அந்த 0-16 முடிஞ்சதும் என்ன பண்ணினீங்க? 2018 ஜனவரி 6, ஏரிக் காத்து எலும்பைக் குடையிற குளிர்ல ஆயிரக்கணக்கானவங்க திரண்டு மைதானத்தைச் சுத்தி வட்டமா ஊர்வலம் போனீங்க. பூஜ்யம் வாங்கினதுக்குப் பூஜ்ய வடிவத்துல ஊர்வலம்! முந்தின ஜெயத்துக்கு 635 நாள் கழிச்சு அந்த செப்டம்பர்ல ஜெட்ஸை 21-17ன்னு ஜெயிச்சப்போ, ஜெயிக்கிற வரைக்கும்னு பூட்டி வச்சிருந்த பீர் ஃப்ரிட்ஜெல்லாம் ஊர் முழுக்கத் திறந்துச்சு. தன் தோல்வியைப் பாத்துத் தானே சிரிக்கத் தெரிஞ்சவன்கிட்ட எனக்கு எப்பவும் ஒரு பிரியம் உண்டு. அந்தச் சிரிப்பு ஜனவரியில வருதே, ஆகஸ்ட்லயே கொஞ்சம் வந்தா என்னய்யா?

அதனால முடிவாச் சொல்றேன். 12-ஐ அடிச்சிட்டு எட்டுன்னு எழுது. இந்த லீக்ல கண்ணை மூடிக்கிட்டு எந்த டீமுக்கும் எட்டு, ஒன்பதுன்னு எழுதுறவன் மானம் போகாம தப்பிச்சுக்குவான். எழுதின தாள்ல தேதி போடு, கையெழுத்துப் போடு. யாரெல்லாம் அடிபடுவாங்கன்னு எழுத முடியாது, அதுக்கு ரெண்டு வரி காலியா விடு. பணம் கட்டாதே. பெருமாளைத் தொந்தரவு பண்ணாதே. ஜனவரியில எட்டுக்கு மேல ஜெயிச்சிருந்தா எனக்கும் ஒரு ஆரஞ்சுத் தொப்பி வாங்கிக் கொடு. எட்டுக்குக் கீழ போச்சுன்னா, தாத்தா சொல்லித்தான் எட்டுன்னு எழுதினேன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிடாதே.